முடக்குவாதமும் இரத்தக் குழாய்களும்



இன்று ஒரு நோயைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். நோயைப் பற்றிய பேச்சு என்றதும் வானொலிப் பெட்டியை மூடிவிட்டு விளையாட்டிடத்துக்குப் போகலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். போவது நல்லதுதான், என் பேச்சின் முடிவும் ஏறக்குறைய அதுவாகவே இருக்கும். ஆயினும் சிறிது பொறுத்திருந்து கேளுங்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ, காலையில் எழுந்தவுடன் விரல்களை மடக்க இயலாமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் கைகளை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அன்னையோ அத்தையோ ஒருவர் இருக்கக் கூடும். ‘நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நான் செய்கிறேன்’ என்று அவரிடம் நாள்தோறும் அன்போடு சொல்லுகிறவர் நீங்களாகவே இருக்கக் கூடும். அந்த அன்பைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன்.

என் தந்தையாருக்குத் தமக்கை ஒருவர் இருந்தார். எங்கள் வீட்டிலேயே வாழ்ந்தவர். அவருக்கு 41 வயதில் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். அத்தை வலியால் முகம் சுளிப்பதைக் காணப் பொறுக்காத நாங்கள் ஒவ்வொரு வேலையாக அவரிடமிருந்து வாங்கிக் கொண்டோம். முதலில் கிணற்றுக் கயிறு. அடுத்து ஆட்டுக்கல். அதற்கும் பின்னால் துடைப்பம். வாசலில் கோலம் போடுவதை மட்டும் விடமாட்டேன் என்று சில காலம் பிடிவாதமாக இருந்தார். அதையும் என் அன்னையார் ஒரு நாள் கையிலிருந்து மாக்கிண்ணத்தைப் பறித்து நிறுத்திவிட்டார். பார்த்த மருத்துவரும், ‘மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள்’ என்றுதான் சொன்னார். சாய்வு நாற்காலி ஒன்று வாங்கினோம். ஒன்பது ஆண்டுகள் அத்தை அதில் அமர்ந்திருந்தார். ஒரு மார்கழி மாதத்து விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார், நண்பகலுக்குள் இறந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். வயது 52.

மூட்டு நோய் ஒன்று, இதய நோய் மற்றொன்று, பாவம், இரண்டும் ஒருவருக்கே வந்துவிட்டன என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அப்போது கல்லூரி மாணவனாக இருந்த நானும் அப்படியே நம்பினேன். உடலியல் கற்பிக்கும் ஆசிரியனாகிப் பல ஆண்டுகள் கடந்த பின்னர்தான், அவை இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாக இருந்திருக்கக் கூடும் என்பது எனக்கு விளங்கிற்று. ‘கூடும்’ என்றுதான் சொல்லுகிறேன். ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் கொண்டு விஞ்ஞானத்தில் எதையும் நிலைநாட்ட முடியாது. ஆகவே என் அத்தையைச் சற்று நேரம் ஒரு புறம் வைத்துவிட்டு, நோயைப் பார்ப்போம்.

தமிழில் நாம் மூட்டில் வலி என்றால் எல்லாவற்றையும் வாதம் என்றே சொல்லிவிடுகிறோம். முதுமையில் மூட்டின் குருத்தெலும்பு தேய்வதால் உண்டாகும் வலி ஒரு வகை. நான் சொல்லும் முடக்குவாதம் வேறு வகை. நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போராட ஒரு காவற்படை இருக்கிறது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தப் படை அயலானையும் வீட்டுக்காரனையும் பிரித்தறியும் திறன் உடையது. சிலருக்கு, முழுவதும் விளங்காத காரணங்களால், அந்தத் திறன் பிறழ்ந்துவிடுகிறது. இருட்டில் எஜமானனையே கடித்துவிடும் காவல் நாயைப்போல, படையானது உடலின் சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. மூட்டின் உள்ளுறையைத் தாக்கும்போது முடக்குவாதம் ஆகிறது. தோல், சிறுநீரகம், மூட்டு எனப் பல உறுப்புகளையும் தாக்குவது லூப்பஸ். தோலை இறுகச் செய்வது ஸ்க்ளீரோடெர்மா. தசைகளைத் தாக்கி வலுவிழக்கச் செய்வது மையோசைட்டிஸ். இவை அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. முடக்குவாதம் மட்டுமே நூற்றுக்கு ஒருவருக்கு அல்லது அதைவிடச் சற்றுக் குறைவானவர்களுக்கு வருகிறது. ஆடவரைவிடப் பெண்டிருக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. கிழவர்களின் நோய் என்று எண்ணிவிடாதீர்கள். லூப்பஸ் பெரும்பாலும் இளம் பெண்களையே பிடிக்கிறது.

இந்தக் குடும்பத்து நோய்களில் எரிச்சலும் வீக்கமும் ஓரிடத்தில் தோன்றினாலும், அவற்றைத் தூண்டும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றி வருகின்றன. மருத்துவ நூலார் இந்த எரிச்சலை அழற்சி என்பர். விரலில் உள்ள அழற்சியை நாம் கண்ணால் காண்கிறோம். இரத்தக் குழாய்க்குள் நிகழ்வதை யார் காண்கிறார்கள்?

1976-ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோ நகரத்தில் மரே யுரோவிட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் தம்மிடம் வந்த லூப்பஸ் நோயாளிகளின் இறப்பை ஆராய்ந்தனர். இறப்புகள் இரண்டு காலங்களில் நிகழ்ந்திருந்தன. நோய் தோன்றிய முதற் காலத்தில் இறந்தவர்கள், நோயின் வேகத்தாலும் தொற்றுக் கிருமிகளாலும் இறந்தனர். அதைத் தப்பிப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களோ மாரடைப்பால் இறந்தனர். முதற் புயலைக் கடந்து கரை சேர்ந்தோம் என்று எண்ணியவர்களைக் கரையிலே வேறொன்று காத்திருந்து கொண்டுபோயிற்று. 1997-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், 35 முதல் 44 வயது வரை உள்ள லூப்பஸ் நோயுள்ள பெண்களுக்கு, அதே வயதுள்ள ஏனைய பெண்களைவிட மாரடைப்பு 50 மடங்குக்கு மேல் மிகுதியாக வந்தது என்று கண்டார்கள்.

50 மடங்கு என்றதும் திகைக்க வேண்டாம். கணக்குப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வயதில் பெண்களுக்கு மாரடைப்பு வருவதே மிகமிக அரிது. மிகச் சிறிய எண்ணை ஐம்பதால் பெருக்கினாலும் கிடைப்பது சிறிய எண்ணாகவே இருக்கலாம். மடங்கைச் சொல்லி அச்சுறுத்துகிறவர்களிடம், ‘எதன் மடங்கு?’ என்று கேட்கப் பழகுங்கள். முடக்குவாதத்தில் இந்தப் பெருக்கம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். ஆனால் முடக்குவாத நோயாளிகளின் தொகையோ மிகப் பெரிது. அவர்களிற் பலர் மாரடைப்பு வரக்கூடிய வயதை அடைந்தவர்கள். எனவே இந்தச் சிறிய ஒன்றரைதான், மொத்தத்தில், அந்தப் பெரிய ஐம்பதைவிட மிகுதியான உயிர்களைக் கொண்டுபோகிறது.

இனி இரத்தக் குழாய்க்குள் நுழைவோம். தமனியின் உட்புறம் முழுவதையும் ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள் படலமாக மூடியிருக்கின்றன. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். நாம் உட்படலம் என்று சொல்லிக் கொள்ளலாம். நெடுங்காலம் வரையில் அது சுவருக்கு அடித்த வெள்ளையைப் போல வெறும் பூச்சு என்றே பலரும் கருதி வந்தனர். அந்தக் கருத்து மாறிய வரலாறு சுவையானது.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் பெருந்தமனியிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மருந்துகளை இட்டால் அவை சுருங்குகின்றனவா தளர்கின்றனவா என்று பல்லாண்டுகள் அளந்து வந்தார். அசெட்டைல்கோலின் என்ற பொருள் உயிருள்ள விலங்கின் உடலில் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. ஆனால் அவருடைய கரைசலில் தொங்கிய துண்டுகளோ அதே பொருளுக்குச் சுருங்கின. இஃது ஏன் என்பது அவருக்குப் புதிராகவே இருந்தது. 1978-இல் ஒரு நாள் ஆய்வுக்கூடத்து உதவியாளர் சோதனையின் படிகளை வரிசை மாற்றிச் செய்துவிட்டார். அன்று எதிர்பாராத விதமாகத் துண்டு தளர்ந்தது! பிழையென்று தூக்கி எறிந்துவிடாமல் ஃபர்ச்காட் ஆராய்ந்தார். உண்மை வெளிப்பட்டது. முன்னெல்லாம் துண்டுகளைத் தயாரிக்கும்போது அவற்றின் உட்புறம் கருவியிலோ விரலிலோ உரசி, அந்த மெல்லிய படலம் அழிந்துபோயிருந்தது. படலம் இருந்தால் குழாய் தளர்கிறது. உரசி எடுத்துவிட்டால் சுருங்குகிறது.

அதற்குப் பின் அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. படலம் உள்ள துண்டு ஒன்றையும் படலம் நீக்கிய துண்டு ஒன்றையும் முகத்தோடு முகம் வைத்து ஒட்டினார். இப்போது மருந்தை இட்டபோது, படலமற்ற துண்டும் தளர்ந்தது. ஆகவே படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் புறப்பட்டு அடுத்த துண்டுக்குச் சென்றிருக்க வேண்டும் அல்லவா? விலை உயர்ந்த கருவி எதுவும் இன்றி, இரண்டு துண்டுகளை ஒட்டியே இதனை நிறுவிவிட்டார். 1980-இல் இது வெளியாயிற்று. அந்தப் பொருள் எது என்று உலகமெங்கும் தேடினார்கள். ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் 1986-இல் தனித்தனியே அதனைச் சுட்டிக் காட்டினர். அது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு. மின்னல் வெட்டும்போது வானத்திலும், மோட்டார் வண்டியின் புகையிலும் உண்டாகும் அதே வாயுவை நம் குழாய்கள் ஒவ்வொரு நொடியும் தயாரித்துக் கொண்டிருக்கின்றன! இவ்விருவருக்கும், இத்துறையில் முன்னோடியான ஃபெரிட் முராடுக்கும் 1998-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை நிறுவிய ஆல்ஃபிரட் நோபெலுக்கு அவருடைய இறுதி நாட்களில் இதய வலிக்காக மருத்துவர்கள் நைட்ரோகிளிசரின் கொடுக்க விரும்பினார்கள் என்பதையும், அவர் டைனமைட் செய்யப் பயன்படுத்திய பொருளும் அதுவே என்பதையும், அது உடலில் நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிட்டே வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

நைட்ரிக் ஆக்ஸைடு சில நொடிகளே நிலைத்திருக்கும். அந்தச் சில நொடிகளுக்குள் குழாயின் தசையைத் தளர்த்துகிறது; இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கிறது; வெள்ளையணுக்கள் சுவரில் பற்றிக்கொள்ளாமல் காக்கிறது. முடக்குவாதத்திலும் லூப்பஸிலும் இரத்தத்தில் சுற்றும் அழற்சிப் பொருள்கள் உட்படலத்தை நலிவிக்கின்றன. வாயுவின் உற்பத்தி குறைகிறது. வழுவழுப்பாக இருந்த சுவர் ஒட்டுந்தன்மை பெறுகிறது. வெள்ளையணுக்கள் சுவருக்குள் புகுகின்றன, கொழுப்பும் புகுகிறது, தமனி தடிக்கிறது. இதனோடு நோயாளி நடமாட்டத்தைக் குறைத்துவிடுகிறார். தசை மெலிகிறது, மெலிந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக் கொள்கிறது. எடை பார்க்கும் கருவி இதைக் காட்டாது, ஏனெனில் மொத்த எடை மாறாமலே இருக்கலாம். என் அத்தை ஒன்பது ஆண்டுகளும் ஒரே எடையில் இருந்தார் என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிக் கொள்வோம்.

இந்த நலிந்த படலத்தை மீண்டும் வேலை செய்ய வைக்க முடியுமா? முடியும். அதற்குரிய தூண்டுதல் மருந்துக் கடையில் மட்டும் இல்லை. இரத்தம் ஓடும்போது, ஆற்று வெள்ளம் கரையை உரசிச் செல்வது போல, உட்படலத்தை உரசிச் செல்கிறது. அந்த உரசலை அங்குள்ள உயிரணுக்கள் உணர்கின்றன. உரசல் மிகுந்தால் அவை நைட்ரிக் ஆக்ஸைடை மிகுதியாகச் சுரக்கின்றன. நீங்கள் விரைந்து நடக்கும்போது இதயம் வேகமாக இயங்குகிறது, இரத்தம் விரைந்து பாய்கிறது, உரசல் கூடுகிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழ்ந்தால், சில வாரங்களில் உயிரணுக்கள் அவ்வாயுவைச் செய்யும் நொதியையே மிகுதியாக உண்டாக்கிக் கொள்கின்றன. இதில் ஒரு நயம் உண்டு. காலால் மிதிவண்டி மிதித்தாலும் கையிலுள்ள தமனியும் நலம் பெறுகிறது. இரத்தம் எங்கும் ஓடுவதல்லவா! முழங்கால் வலியால் நடக்க முடியாதவர் கையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றியும் பயன் பெறலாம் என்று இதனால் எதிர்பார்க்க இடமுண்டு.

உட்படலத்தின் நலத்தை அளக்க ஓர் எளிய முறை இருக்கிறது. 1992-இல் இலண்டனில் இதனை வெளியிட்டார்கள். கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றடைத்து, 5 நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். பட்டையைத் தளர்த்தியதும் இரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. அந்த உரசலுக்கு விடையாகத் தமனி எவ்வளவு விரிகிறது என்பதைக் காதுக்குக் கேளாத ஒலி அலைகளைக் கொண்டு அளக்கிறார்கள். நலமுள்ள இளைஞர் ஒருவரின் தமனி, தன் விட்டத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை விரியும். நோயுற்ற படலமுடையவருக்கு அவ்வளவு விரியாது. வலியில்லை, ஊசியில்லை, ஒரு நிமிடத்தில் குழாய் தன் கதையைச் சொல்லிவிடுகிறது.

உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலாகப் பெருந்தொகையான மக்களிடத்தில் காட்டியவர் ஜெரமி மோரிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். இலண்டன் மாநகரத்து மாடிப் பேருந்துகளை அவர் எடுத்துக் கொண்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே புகையில், ஒரே நேரம் வேலை செய்தவர்கள். ஓட்டுநர் வேலை நேரம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். நடத்துநர் பயணச் சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். 1953-இல் வெளியான கணக்கின்படி நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உயிர்ச் சேதம் குறைவு. இதைக் கேட்டவுடன் உங்களில் சிலர், ‘ஒருவேளை பருமனானவர்களே ஓட்டுநர் வேலைக்குப் போகிறார்களோ?’ என்று ஐயுறலாம். மோரிஸும் ஐயுற்றார். 1956-இல் அவர் என்ன செய்தார் தெரியுமா? வேலையில் சேரும்போது கொடுக்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு தொடக்கத்திலேயே சற்றுப் பெரிதாகத்தான் இருந்தது! தம் முடிவுக்கு எதிராக வரக்கூடிய சான்றைத் தாமே தேடி எடுத்து அச்சிட்ட அந்த நேர்மையை நான் ஆண்டுதோறும் என் மாணவர்களுக்குச் சொல்லுவேன். ஐயத்தைக் கழித்த பின்னும் உழைப்பின் நன்மை நின்றது; பின்னர் வந்த எண்ணற்ற ஆராய்ச்சிகளும் அதனையே கூறின. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-இல் மறைந்தார்.

பேருந்து நடத்துநர் நலமுள்ளவர். அவர் படி ஏறலாம். வீங்கிய மூட்டை உடையவரை எப்படி ஏறச் சொல்வது? இந்தத் தயக்கம் மருத்துவர்களுக்கே நெடுங்காலம் இருந்தது. மருந்து இல்லாத காலத்தில் அது தவறென்றும் சொல்ல முடியாது. நெருப்புப் பிடித்த மூட்டுக்கு ஓய்வைத் தவிர வேறு எதைக் கொடுப்பது? 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்பவர், முடக்குவாதத்தால் அசைய முடியாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு, பிற்காலத்தில் கார்ட்டிசோன் எனப் பெயர் பெற்ற பொருளை ஊசி மூலம் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹெஞ்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் அந்த மருந்தை மிகுந்த அளவில் நெடுநாள் கொடுத்தால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், எலும்பு மெலியும் என்பது விரைவிலேயே தெரிய வந்தது. அதாவது மூட்டைக் காத்த மருந்தே குழாய்க்குப் பகையாகவும் ஆகலாம். பிற்காலத்தில் மெத்தோட்ரெக்ஸேட் பரவலாயிற்று. 1990-களின் இறுதியிலிருந்து அழற்சிப் பொருள்களையே குறிவைத்துத் தடுக்கும் மருந்துகளும் வந்தன. நெருப்பு அடங்கியது. நெருப்பு அடங்கிய பிறகும் ஓய்வுக் கட்டளை மட்டும் பழைய வழக்கத்தால் வீடுகளில் நின்றுவிட்டது.

அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர்களுள் நெதர்லாந்து மருத்துவர்கள் முக்கியமானவர்கள். ஏறக்குறைய 300 முடக்குவாத நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பாதியினருக்கு வாரம் இரு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றே கால் மணி நேரம், மிதிவண்டி, தசைப் பயிற்சி, விளையாட்டு எனக் கடுமையாகவே பயிற்சி அளித்தனர். ஒரு மாதம் இரு மாதம் அல்ல, 2 ஆண்டுகள். முடிவுகள் 2003-இல் வெளியாயின. பயிற்சி பெற்றவர்களின் உடல் திறமும் மன நிலையும் உயர்ந்தன. மூட்டுகள் கெட்டனவா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குப் பயிற்சியால் பெரிய மூட்டுகளில் கூடுதலான சேதம் ஏதுமில்லை. ஆனால் தொடக்கத்திலேயே பெரிய மூட்டுகள் மிகவும் சிதைந்திருந்த சிலருக்குச் சேதம் சற்று விரைந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அத்தகையவர்கள் நீச்சல் போன்று மூட்டின்மேல் சுமை ஏற்றாத பயிற்சியைத் தேட வேண்டும்.

மூட்டு கெடவில்லை; சரி, குழாய் தேறியதா? இங்கிலாந்தில் 40 முடக்குவாத நோயாளிகளுள் பாதிப் பேருக்கு அவரவர் உடல் நிலைக்கு ஏற்ற பயிற்சியும், மறு பாதியினருக்கு அறிவுரை மட்டுமும் கொடுத்து 6 மாதம் கவனித்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு இரத்த அழுத்தம் குறைந்தது, மூச்சுத் திறன் உயர்ந்தது. நோயின் கடுமையும் தணிந்தது. உட்படலத்தின் வேலையும் சீர்ப்பட்டது. அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கு அந்த நன்மைகள் கிட்டவில்லை. என்னைப் போல் அறிவுரை கூறியே பிழைப்பவர்களுக்கு இது சற்று வருத்தமான செய்திதான்! பிரேசில் நாட்டில் லூப்பஸ் நோயுள்ள பெண்களை, வாரம் மும்முறை ஒரு மணி நேரம், 16 வாரங்கள் நடக்க வைத்தார்கள். நான் முன்பு கூறிய அந்தக் கைப்பட்டைச் சோதனையில் அவர்களுடைய தமனி முன்னைவிட நன்றாக விரிந்தது. 2013-இல் இது வெளியாயிற்று. ஸ்க்ளீரோடெர்மா நோயாளிகளுக்குக் குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து, நீலித்து, சிவக்கும்; 1862-இல் மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த துன்பம் அது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இவர்களுக்குக் கையால் சுழற்றும் சக்கரப் பயிற்சியை 12 வாரங்கள் கொடுத்தபோது விரல்களின் நுண்குழாய்கள் மேலும் நன்றாக இயங்கின என்று 2018-இல் அறிவித்தார்கள். கையில் நோய், கைக்கே பயிற்சி! மையோசைட்டிஸ் நோயாளிகள் தசையை அசைத்தால் அழற்சி கூடும் என்று அஞ்சிய காலம் ஒன்று இருந்தது; சுவீடன் நாட்டு ஆராய்ச்சிகள் அந்த அச்சத்தையும் போக்கின.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகள் அளந்தது குழாயின் நலத்தை. மாரடைப்புகளின் எண்ணிக்கையை அல்ல. அதை எண்ண வேண்டுமானால் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பல்லாண்டுகள் கவனிக்க வேண்டும். பயிற்சி மருந்துக்கு மாற்று என்றும் எவரும் கூறவில்லை. அழற்சியை அடக்கும் மருந்தை நிறுத்திவிட்டு நடந்து கொண்டிருப்பவர், ஒரு புறம் நெருப்பை எரிய விட்டு மறு புறம் தண்ணீர் தெளிப்பவர். புகை பிடிப்பவரைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. புகை, முடக்குவாதத்தையும் வரவழைக்கும், குழாயையும் கெடுக்கும்.

அப்படியானால் உங்கள் வீட்டு நோயாளிக்கு என்ன சொல்வீர்கள்? முதலில் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். இரத்த அழுத்தமும் கொழுப்பும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டு மருத்துவரிடம் போகிறவர்கள் மூட்டை மட்டுமே காட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். பின்பு நடை. வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோர் அனைவருக்கும் கூறும் குறைந்த அளவு. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் சங்கமும் 2018-இல், மூட்டு நோயாளிகளுக்கும் பொதுவான அளவுகளையே, அவரவர் நிலைக்கு ஏற்பக் கொள்ள வேண்டுமென்று கூறிற்று. தொடக்கத்தில் 5 நிமிடம் போதும். காலை விறைப்பு நீங்கிய பின் தொடங்கலாம். பயிற்சிக்குப் பின் 2 மணி நேரம் கடந்தும் வலி கூடுதலாக நின்றால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்திவிட வேண்டாம். நோய் சீறி எழும் நாட்களில் மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டுவதோடு நிற்கலாம். லூப்பஸ் உள்ளவர் வெயிலுக்கு முன் நடக்க வேண்டும். வெயிலே அவர் நோயைத் தூண்டும். ஆசனப் பயிற்சியில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு சொல்: நெடுநாள் முடக்குவாதத்தில் கழுத்தெலும்பின் மூட்டுகள் தளர்ந்திருக்கக் கூடும். ஆகவே சிரசாசனம் வேண்டாம்.

என் அத்தையின் மகளுக்கும் சில ஆண்டுகளுக்கு முன் அதே நோய் வந்தது. இது ஓரளவு குடும்பத்தில் தொடர்வதுண்டு. அவள் மகன் கல்லூரியில் படிக்கிறான். அன்னையிடத்தில் உயிரையே வைத்திருப்பவன். அவள் மருந்து உண்கிறாள். நாள்தோறும் விடிந்தும் விடியாத நேரத்தில் கோயில் வீதியை இரு முறை சுற்றி வருகிறாள். முதல் ஆண்டு அவன் ஒவ்வொரு நாளும் அவளைத் தடுத்தான். இப்போது உடன் நடக்கிறான்.

சென்ற மார்கழியில் நான் அங்குப் போயிருந்தேன். நடந்து வந்த களைப்போடு அவள் வாசலில் அமர்ந்து கோலம் போட்டுக் கொண்டிருந்தாள். கோடுகள் அங்கங்கே நெளிந்திருந்தன. ஒரு புள்ளி வரிசையை விட்டு விலகி விழுந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். ‘கொடு, நான் போடுகிறேன்’ என்று சொல்ல என் வாய் வரை வந்துவிட்டது. சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்து, அவள் முடிக்கும் வரை பார்த்துக் கொண்டிருந்தேன்.